ஒரு மக் தண்ணி, ஒரு பிளேடு, ஒரு படிகாரக் கல்... ஷேவிங்குக்கு இவ்வளவு போதுமே பாஸ்!

பாத்ரூம் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற ஷெல்ஃபை ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்க. ஷேவிங்குக்குன்னு மட்டும் எத்தனை பொருள் இருக்குன்னு எண்ணுங்க.

என் ஷெல்ஃபில் ஒரு காலத்தில் பதினொன்று இருந்தது. ஐந்து பிளேடு வைத்த ரேஸர், அதுக்கு மாத்து கார்ட்ரிட்ஜ், ஃபோம், ஃபோம் சரியில்லைன்னு வாங்கின ஜெல், ஷேவிங்குக்கு முன்னால் தடவுற எண்ணெய், பின்னால் தடவுற ஆஃப்டர் ஷேவ், அது எரியுதேன்னு வாங்கின பாம், முகத்தைத் தேய்க்கிற ஸ்க்ரப், கழுத்துப் பொரிக்கு ஒரு சீரம், இன்னும் பேர் மறந்துபோன ரெண்டு. இத்தனையும் இருந்தும் கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். காலர் பட்டால் எரிச்சல். வெள்ளைச் சட்டை போட்ட அன்னிக்குப் பார்த்து காலரில் ஒரு ரத்தப் பொட்டு.

தாடி வளர்த்துட்டால் பிரச்னை முடிஞ்சதுன்னு சொல்வீங்க. ஆனா, எல்லோருக்கும் அந்தச் சுதந்திரம் கிடையாது. ஹோட்டல் ரிசப்ஷன், போலீஸ் பயிற்சி, கப்பல் வேலைன்னு தினமும் மழமழன்னு போய் நிற்க வேண்டிய வேலைகள் நிறைய. அங்கே கழுத்தெல்லாம் பொரியோட நிற்கிறது எப்படி இருக்கும்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். அப்படி அவதிப்படுறவங்க பெரும்பாலும் செய்யற தப்பு, இன்னும் ஒரு பொருளை வாங்குறது. நானும் அதைத்தான் செஞ்சேன்.

எங்க தெருமுனை சலூன் அண்ணன்தான் அதை நிறுத்தினார். ஒருநாள் கட்டிங்குக்குப் போனப்போ கழுத்தைப் பார்த்துட்டு, "தம்பி, நீங்க முடிய வெட்டல, தோலச் சுரண்டுறீங்க"ன்னார். அப்போதான் அவர் டேபிளைக் கவனிச்சேன். பிரஷ், க்ரீம் ட்யூப், பாதி பிளேடு மாட்டின கத்தி, தண்ணி, கடைசியில் தேய்க்கிற படிகாரக் கல். தினமும் எத்தனையோ முகங்களை மழிக்கிற மனுஷனுக்கு அவ்வளவு போதும். ஒரே ஒரு முகத்தை மழிக்கிற எனக்குப் பதினொன்று!

அஞ்சு பிளேடு ஏன் பொரியைக் கொண்டுவருது?

1971-ல் கில்லெட் நிறுவனம் ட்ராக் டூ என்ற இரட்டை பிளேடு ரேஸரைக் கொண்டுவந்தது. அதன் தத்துவம் இதுதான்: முதல் பிளேடு முடியைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுக்கும். அது திரும்ப உள்ளே போறதுக்குள் ரெண்டாவது பிளேடு இன்னும் கீழே வெட்டிவிடும். 1998-ல் மாக் த்ரீ மூன்று பிளேடோடு வந்தது. பிறகு நாலு, ஐந்துன்னு போய்க்கிட்டே இருக்கு.

நேரான, மெலிசான முடி இருக்கிறவங்களுக்கு இது பிரமாதமா வேலை செய்யும். அவங்க இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிட்டுப் போகலாம், தப்பே இல்லை. சுருண்ட, தடிச்ச முடி இருந்தால்தான் சிக்கல். தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்பட்ட முடி கூர்முனையோடு உள்ளே போய் உட்கார்ந்துடுது. திரும்ப வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் பக்கத்துத் தோலைக் குத்திக்கிட்டு உள்ளேயே சுருளுது. உடம்பு அதை வெளியாள்னு நினைச்சு சண்டைக்குப் போகுது. அந்தச் சண்டைதான் நீங்க பார்க்கிற சிவந்த பொரி. ஆறின பிறகு நம்ம தோல் நிறத்தில் அது கறுப்புத் தழும்பா தங்கிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஒரு தடவை இழுத்தால் ஐந்து பிளேடு தோலைத் தொடுது. அதே இடத்தில் நாலு தடவை இழுத்தால் இருபது. தோல் எரியாமல் என்ன செய்யும்?

120 வருஷத்துப் பழைய ஐடியா

ரெண்டு பக்கமும் கூர் வைத்த பிளேடை நடுவில் மாட்டி, மேல்மூடியைத் திருகி மூடுற ரேஸரை உங்க அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்திருப்பார். கிங் கேம்ப் கில்லெட் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1904-ல். ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள அந்த மெல்லிய தகட்டின் வடிவம் இன்னிக்கு வரைக்கும் பெரிசா மாறலை. அதனால் எந்தக் கம்பெனி பிளேடும் எந்தக் கம்பெனி ரேஸரிலும் பொருந்தும். வீட்டுப் பரணில் தாத்தாவோட ரேஸர் கிடைச்சால், துரு இல்லைன்னா, கழுவிட்டு நீங்களே பயன்படுத்தலாம். பிளேடு மட்டும் புதுசு.

செலவையும் பார்த்துடுவோம். ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் ஒன்றே நூறு ரூபாயைத் தாண்டும். மளிகைக் கடையில் தொங்குற இந்தச் சாதா பிளேடு ஒன்று சில ரூபாய்தான். ரேஸருக்கு ஒருமுறை செலவு பண்ணினால் அது உங்களோட ரிட்டயர் ஆகும்.

'இதெல்லாம் பயமா இருக்கு, கழுத்தை அறுத்துக்கிட்டா?'ன்னு யோசிக்கிறவங்களுக்கு நடுவில் ஒரு வழி உண்டு. ஒரே ஒரு பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ் ரேஸர். இந்தியாவுக்குன்னே 2010-ல் 15 ரூபாய்க்கு வந்த கில்லெட் கார்ட் அந்த வகை. அது பிறந்த கதை சுவாரஸ்யமானது. அதற்கு முன்னால் இந்தியச் சந்தைக்காகச் செய்த ஒரு ரேஸரை, அமெரிக்காவில் எம்.ஐ.டி-யில் படிக்கிற இந்திய மாணவர்களிடம் கொடுத்து சோதித்தார்கள். எல்லோரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. இங்கே கொண்டுவந்தால் முடி அடைச்சுக்கிட்டுது. காரணம், அந்த மாணவர்கள் ஷேவ் செஞ்சது குழாயைத் திறந்துவிட்டு. இங்கே பல பேர் ஷேவ் செய்றது ஒரு குவளைத் தண்ணியில்! அதுக்குப் பிறகுதான், குவளையில் ஒரு ஆட்டு ஆட்டினாலே சுத்தமாகுற, பாகங்கள் குறைந்த ஒற்றை பிளேடு டிசைன் வந்தது.

ஆக, மக் தண்ணி வைத்து ஷேவ் செய்றது வசதியில்லாத ஆளின் பழக்கம்னு நினைக்காதீங்க. ஓடுற குழாயை விட அதுதான் இந்த முறைக்குச் சரி.

பாதி வேலை தண்ணியில் முடிஞ்சுடும்

காய்ஞ்ச தாடி முடி விறைப்பானது. தண்ணி குடிச்ச முடி உப்பி மெதுவாகுது. அதை வெட்ட ரொம்பக் குறைவான விசை போதும். ஆனா, முடி தண்ணி குடிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். முகத்தில் ரெண்டு கை தண்ணியை அடிச்சுட்டு உடனே ஃபோமைப் பூசினால் அது ஊறவே ஊறாது. அதனால் குளிச்சுட்டு வந்து ஷேவ் செய்யுங்க. சோப்பு போட்டுக் குளிச்சதில் முகத்து எண்ணெய்ப் பிசுக்கும் போயிருக்கும், முடியும் ஊறியிருக்கும். இதைச் செய்தாலே ஷேவிங்குக்கு முன்னால் தடவுற எண்ணெயும் ஸ்க்ரப்பும் ஷெல்ஃபிலிருந்து இறங்கிடும்.

குளிச்சுட்டு ஷேவ் பண்ணினால் மறுபடி குளிக்கணும்னு பாட்டி திட்டுற வீடா? அப்போ வெதுவெதுப்பான தண்ணியில் நனைச்ச துண்டை ரெண்டு நிமிஷம் முகத்தில் போட்டுக்கங்க.

'அதெல்லாம் செஞ்சாச்சு, நுரையே வரலை'ன்னு ஒரு கூட்டம் இருக்கும். க்ரீமைத் திட்டாதீங்க, உங்க போர் தண்ணியைச் சந்தேகப்படுங்க. சென்னையில் பல அபார்ட்மென்ட்களில் வர்றது உப்புத் தண்ணி. அதிலிருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்குப் படலமா மாறிடும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையா படியுதே, அதேதான். நுரை வர வேண்டிய சோப்பு அங்கேயே செலவாகிடுது. புதுசா வெளிநாட்டு சோப்பு வாங்கினாலும் இதே கதைதான்.

தீர்வு ரொம்பச் சின்னது. நுரை கலக்க ஒரு டம்ளர் தண்ணி போதும். குடிக்கிற கேன் தண்ணியிலோ, மெட்ரோ வாட்டரிலோ, மழைத் தண்ணியிலோ ஒரு டம்ளர் எடுத்து லேசா சுட வைங்க. பிரஷை அதில் நனைங்க. முகம் கழுவுறதுக்கு போர் தண்ணியே இருக்கட்டும். ஒண்ணு கவனம்: ஆர்.ஓ மெஷின் வெளியே தள்ளுற தண்ணியை எடுத்துடாதீங்க. வடிகட்டின உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கு.

நுரை எந்தப் பதத்தில் இருக்கணும்? டப்பாவிலிருந்து புஸ்ஸுன்னு வர்ற ஃபோம் மாதிரி காற்றடைத்ததா இருக்கக் கூடாது. கெட்டித் தயிரைக் கலக்கின பதம். விரலில் தொட்டுத் தேய்ச்சால் வழுக்கணும். பட்டாணி அளவு க்ரீம், ஈரமான பிரஷ், முகத்திலேயே வட்டவட்டமா ஒரு நிமிஷம். இழுத்தால் வறண்டு நிற்குதுன்னா, பிரஷ் நுனியை மட்டும் தண்ணியில் தொட்டு இன்னும் கொஞ்சம் தேய்க்கவும். பிரஷ் செயற்கை இழையில் இருந்தால் போதும், சீக்கிரம் காயும். விலங்கு முடி பிரஷ்தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களோட நான் சண்டைக்குப் போறதில்லை.

உங்க முகத்துக்கு ஒரு மேப் போடுங்க

பல பேர் தாண்டிப்போற விஷயம் இதுதான். என் கழுத்தைக் காப்பாற்றினதும் இதுதான்.

ரெண்டு நாள் ஷேவ் செய்யாமல் விடுங்க. அப்புறம் விரலால் முகத்தைத் தடவிப் பாருங்க. ஒரு பக்கமா தடவினால் வழுவழுன்னு போகும். அதுதான் முடி வளர்ற திசை. எதிரே தடவினால் சொரசொரன்னு தடுக்கும். கன்னத்தில் பெரும்பாலும் மேலேயிருந்து கீழே. ஆனா, கழுத்துக்கு வந்தால் கணக்கே மாறும். சிலருக்குக் கீழேயிருந்து மேலே வளரும், சிலருக்குப் பக்கவாட்டில் படுத்து வளரும், சிலருக்கு உச்சந்தலையில் இருக்கிற சுழி மாதிரி கழுத்திலேயே ஒரு சுழி இருக்கும். எனக்குக் குரல்வளைக்கு இடதுபக்கம் முடி காதைப் பார்த்து வளருது. இது தெரியாமல் பத்து வருஷமா அங்கே எதிர்த் திசையில்தான் பிளேடை இழுத்திருக்கேன். பொரி வந்ததும் சரியா அந்த இடத்தில்தான்.

போனில் ஒரு செல்ஃபி எடுத்து, அதன் மேலே விரலால் அம்புக்குறி போட்டு வைங்க. கன்னம், தாடை, முகவாய், கழுத்து இடது, கழுத்து வலதுன்னு தனித்தனியா. ரெண்டு வாரம் அதைப் பார்த்து ஷேவ் செய்தால் பிறகு கை பழகிடும்.

இப்போ பிளேடு. ரேஸரோட தலை கன்னத்தில் படுற மாதிரி வைத்து, கைப்பிடியை நேராக வெளியே நீட்டிப் பிடிங்க. அங்கேயிருந்து கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கினால் ஒரு கட்டத்தில் முடி வெட்டுப்படுற 'சர்ர்' சத்தம் கேட்கும். தோலுக்கும் பிளேடுக்கும் நடுவில் சுமார் 30 டிகிரி. அங்கேயே நிறுத்திக்கங்க. சின்னச் சின்ன இழுப்பு, ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அழுத்தம் சுத்தமா வேண்டாம், ரேஸரோட எடையே போதும். "கையில கனம் இருக்கக் கூடாது தம்பி"ன்னு அண்ணன் சொன்னது இதைத்தான். கார்ட்ரிட்ஜில் அழுத்திப் பழகினவங்களுக்கு முதல் நாலு ஷேவ் கஷ்டமா இருக்கும். அந்த நாலையும் லீவு நாளில் வைத்துக்கங்க. காலை எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுற அன்னிக்கு ஆரம்பிக்காதீங்க!

ஒண்ணை மட்டும் மாத்துங்க

இந்த முறைக்கு வந்தவங்க அடுத்து மாட்டிக்கிறது வேறொரு வலையில். பத்து விதமான பிளேடு, மூணு சோப்பு, ரெண்டு ரேஸர்னு மறுபடி ஷெல்ஃப் நிறையும். ஒருநாள் ஷேவ் அருமையா அமையும், மறுநாள் எரியும். எதனாலன்னு சொல்லவே முடியாது. ஏன்னா, ஒரே நாளில் பிளேடும் மாறியிருக்கு, க்ரீமும் மாறியிருக்கு.

அதனால் ஒரு ரேஸர், ஒரே பிராண்ட் பிளேடு ஒரு பாக்கெட், ஒரு க்ரீம்னு வைத்துக்கிட்டு ஒரு மாசம் எதையும் தொடாதீங்க. அந்த மாசம் மாற வேண்டியது உங்க கை மட்டும்தான். மாசம் முடிஞ்சும் எரிச்சல் இருந்தால் பிளேடு பிராண்டை மட்டும் மாத்திப் பாருங்க. பிளேடு ஒவ்வொருத்தர் முடிக்கும் ஒவ்வொரு மாதிரி. நண்பனுக்கு வெண்ணெய் மாதிரி போறது உங்களை இழுத்துக் கடிக்கலாம். அதுவும் சரியில்லைன்னா க்ரீம். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

எத்தனை சுற்று ஷேவ் செய்றீங்கன்னும் பாருங்க. திசையோடு ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, எதிர்த் திசையில் ஒரு சுற்றுன்னு மூணு சொல்லுவாங்க. நான் மூணாவதை விட்டுட்டேன். தாடி முடி ஒரு நாளைக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் வரை வளரும். மூணாவது சுற்றில் கிடைக்கிற அந்த மழமழப்பு எப்படியும் சாயங்காலத்துக்குள் போயிடும். அதுக்காகக் கழுத்தைப் பணயம் வைக்கணுமா? கன்னத்தில் ரெண்டு சுற்று, கழுத்தில் திசையோடு ஒரே ஒரு சுற்று, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் புதுசா நுரை பூசணும். நுரை இல்லாத இடத்தில் 'இந்த ஒரு முடி மட்டும்'னு பிளேடை வைக்கிற பழக்கம் இருக்கே, கீறல்களில் பாதி அங்கேதான் பிறக்குது.

படிகாரம் கொடுக்கிற ரிப்போர்ட் கார்டு

குளிர்ந்த தண்ணியில் முகத்தைக் கழுவிட்டு, ஈரத்தோடு படிகாரக் கல்லை மெல்ல ஒரு சுற்று தேய்ங்க. நாட்டு மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும். பொட்டாசியம், அலுமினியம் சேர்ந்த உப்பு அது. தோலைச் சுருக்கிச் சின்னக் கீறல்களில் ரத்தத்தை நிறுத்தும். அதைவிட முக்கியமா, அது பொய் சொல்லாது. சுருக்குன்னு எரியற இடம், நீங்க அழுத்தின இடம். எங்கேயும் எரியலைன்னா அன்னிக்கு கை சரியா இருந்திருக்கு. எனக்கு முதல் ரெண்டு வாரம் கழுத்து முழுக்க எரிஞ்சது. பிறகு இடது தாடை ஓரம் மட்டும். இப்போ எப்போவாவது, அவசரத்தில் ஷேவ் செய்த அன்னிக்கு.

அரை நிமிஷம் விட்டுக் கழுவிடுங்க, இல்லைன்னா தோல் வறண்டு இழுக்கும். பிறகு வாசனையில்லாத மாய்ஸ்ச்சரைசர் கொஞ்சம். தேங்காய் எண்ணெய் பலருக்கு ஒத்துக்கும். பரு வர்ற முகம்னா வேண்டாம், துளையை அடைக்கும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவ் வாசனைக்காகப் பிடிச்சால் வைத்துக்கங்க. அதைத் தாண்டி அதற்குப் பெரிய வேலை இல்லை.

படிகாரக் கல்லும் சரி, ரேஸரும் சரி, ரூம்மேட்டோடு பகிர்ந்துக்கவே கூடாது. ஹெபடைடிஸ் பி மாதிரி ரத்தத்தில் பரவுற கிருமிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும். சலூனில் உட்கார்ந்தாலும் "புது பிளேடு போடுங்கண்ணே"ன்னு கேட்கத் தயங்காதீங்க. நல்ல சலூன்காரர் கேட்கிறதுக்கு முன்னாடியே உங்க கண் எதிரே பிரிச்சுக் காட்டுவார்.

யாரெல்லாம் இதுக்கு அவசரப்படக் கூடாது? பொரியில் சீழ் இருந்தால், தழும்பு தடிச்சுக் கட்டியா மாறினால், முதலில் தோல் டாக்டர். அதுவரை ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கங்க. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுறவங்களுக்குத் தோல் வறண்டு மெலிசாகியிருக்கும், சட்டுனு வெட்டுப்படும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு எலெக்ட்ரிக் ஷேவர்தான் நல்லது.

பழைய பிளேடு எங்கே போகுது?

ஒரு பிளேடு மூணிலிருந்து ஐந்து ஷேவ் வரை தாங்கும். கூர் ஏன் போகுதுன்னு எம்.ஐ.டி ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, 2020-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினாங்க. எஃகை விட சுமார் ஐம்பது மடங்கு மென்மையான முடி, சில கோணங்களில் வளையும்போது பிளேடு ஓரத்தைச் சில்லு சில்லாகப் பெயர்த்துடுதாம்! முடியை இழுக்கிற மாதிரி உணர்ந்த அன்னிக்கே மாத்திடுங்க. சில ரூபாய் பிளேடில் சிக்கனம் பார்த்து முகத்தைக் கிழிச்சுக்காதீங்க. துண்டால் பிளேடு ஓரத்தைத் துடைக்கவும் வேண்டாம், கூரும் போகும், விரலும் போகும். தண்ணியில் அலசி உதறினால் போதும்.

கழற்றின பிளேடைப் பேப்பரில் சுத்திக் குப்பையில் போடுறதுதான் நம்ம வீடுகளின் வழக்கம். அந்தப் பையை நாளைக்குக் காலையில் கையால் பிரிக்கப்போறவங்களுக்குப் பேப்பருக்குள் பிளேடு இருக்கிறது தெரியாது. கோயில் வாசலில் விற்கிற மண் உண்டியல் ஒன்று வாங்கி பாத்ரூம் ஓரத்தில் வைத்துடுங்க. காசு போடுற துளையில் பிளேடு கச்சிதமா இறங்கும். வாரத்துக்கு ஒரு பிளேடுன்னாலும் நிறைய சில வருஷங்கள் ஆகும். நிறைஞ்சதும் துளையை டேப்பால் ஒட்டி, மேலே 'பிளேடு'ன்னு பெரிசா எழுதி, குப்பை வண்டியில் வர்ற அக்கா கையிலேயே சொல்லிக் கொடுத்துடுங்க.

ஊருக்குப் போறப்போ ஒரு விஷயம். ரயில், பஸ்ஸில் பிரச்னையில்லை. விமானத்தில் கைப்பையில் இந்த பிளேடை விட மாட்டாங்க. செக்-இன் பையில் வைங்க, இல்லைன்னா ரேஸரை மட்டும் எடுத்துக்கிட்டுப் போய், இறங்கின ஊரில் முதல் பெட்டிக்கடையில் பிளேடு கேளுங்க.